மர்மப் புதினமும் மக்கள் மனமும்

ஒரு நூல் சிறந்தது என்பதும், அந்நூல் பெரிதும் விற்றது என்பதும் இருவேறு செய்திகள். முன்னதைத் திறனாய்வாளர் சொல்கின்றனர். பின்னதைக் கடைக்காரர் சொல்கின்றார். இவ்விரண்டும் ஒன்றுபடுவது அரிதாகவே நிகழ்கின்றது. திறனாய்வாளர் போற்றிய நூல்கள் கட்டுக் கட்டாகத் தேங்கிக் கிடப்பதும், அவர்கள் எள்ளி நகையாடிய நூல்கள் இலட்சக்கணக்கில் விற்றுத் தீர்வதும் எல்லா மொழிகளிலும் காணக்கூடியவை. இவ்வாறு எள்ளப்பட்டும் விற்கும் நூல்களுள் முதலிடம் பெறுவது துப்பறியும் கதை எனவும் மர்ம நாவல் எனவும் வழங்கும் புதினவகை. கற்றோர் மதியாத இந்நூலை மற்றோர் ஏன் விரும்பிப் படிக்கின்றனர் என்ற வினா, முதற்பார்வைக்கு வணிக வினாவாகத் தோன்றும். உற்று நோக்கின், அது மனித மனத்தைப் பற்றிய வினாவாகவும் இறுதியில் அறத்தைப் பற்றிய வினாவாகவும் விரிவதைக் காணலாம்.

தமிழில் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் எழுதிக் குவித்த கதைகள் தமிழகத்தில் படிப்போர் கூட்டம் ஒன்றையே உருவாக்கின. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் வடுவூராரின் திகம்பர சாமியாரும் அக்காலத்து இல்லங்களில் நெருங்கிய உறவினரைப் போல் அறிமுகமாயிருந்தனர். வடுவூராரின் 'மேனகா' 1935இல் திரைப்படமாயிற்று. 'திகம்பர சாமியார்' 1950இல் எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்ற வெள்ளித்திரைக்கு வந்தது. இக்கதைகளுட் பல ஆங்கிலக் கதைகளின் தழுவல்கள். ஆரணியார் தழுவிய ரெய்னால்ட்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளரும் தம் நாட்டில் திறனாய்வாளரால் ஒதுக்கப்பட்டு, மக்களால் பெரிதும் வாசிக்கப்பட்டவரே. ஒதுக்கப்பட்டதும் விரும்பப்பட்டதும் சேர்ந்தே கடல் கடந்து வந்தன எனலாம்.

அடுத்த தலைமுறையில், 'கல்கண்டு' இதழின் ஆசிரியர் தமிழ்வாணன் படைத்த சங்கர்லால் இளைஞர் உள்ளங்களைக் கவர்ந்தான். 1969இல் 'ராணி முத்து' தோன்றி, மாதம் ஒரு முழு நாவலை மலிவு விலையில் தரும் வழக்கத்தை வேரூன்றச் செய்தது. 1980களில் இம்மாத நாவல்கள் பெருகின. கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் 1,500க்கும் மேற்பட்ட புதினங்களை எழுதியவராக அறியப்படுகின்றார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, சுபா என்னும் பெயரில் இருவர் இணைந்து படைத்த நரேந்திரன், வைஜயந்தி ஆகிய துப்பறிவாளர்களுக்கும் தனித்தனி அன்பர் கூட்டம் இருந்தது. ஆயினும் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் இவர்களுக்குக் கிடைத்த இடம் சில வரிகளே. 2008இல் சென்னைப் பதிப்பகம் ஒன்று இத்தகைய கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்ட பின்னரே, படித்தவர் பலர் அவற்றைத் திரும்பிப் பார்த்தனர்.

கடலுக்கு இப்பாலும் நிலை இதுவே. மலேசியத் தமிழ்ப் புதினத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படும் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' வெளியான ஆண்டு 1917. ரங்கராஜுவும் ஆரணியாரும் தமிழகத்தில் கோலோச்சிய காலம் அது. அன்று முதல், தமிழகத்திலிருந்து வந்த கதைகளும் இந்நாட்டில் எழுந்த கதைகளும் ஒரே கடைப் பலகையில் அருகருகே இருந்து வந்துள்ளன. பிரிக்பீல்ட்சிலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள கடைகளில், வார இதழ்களுக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவே மாத நாவல்கள் தொங்கிய காட்சி பலரும் கண்டதே. வாங்கியவர் ஒருவர், படித்தவர் பலர். அட்டை கிழியும் வரை கைமாறிச் சென்ற நூல்கள் அவை.

எளிய விடைகள்

இந்நூல்கள் ஏன் விற்றன? எளிதில் கிடைக்கும் விடைகள் மூன்று. மலிவு என்பது ஒன்று. விளம்பரம் என்பது மற்றொன்று. மக்களின் சுவை தாழ்ந்தது என்பது மூன்றாவது.

மலிவு என்பது முழு விடையாகாது. திருக்குறளுக்கு மலிவுப் பதிப்புகள் எத்தனையோ வந்துள்ளன. அவை இல்லந்தோறும் இருக்கின்றன. ஆனால் இரவு உறக்கத்தைத் துறந்து ஒருவர் அவற்றைப் படிப்பதில்லை. விலை குறைந்தால் நூல் வாங்கப்படலாம். படிக்கப்படுவதற்கு வேறொன்று வேண்டும்.

விளம்பரமும் முழு விடையாகாது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1886இல் பெர்கஸ் ஹியூம் என்னும் இளைஞர் 'ஹேன்சம் வண்டி மர்மம்' எனப் பொருள்படும் தம் முதற் புதினத்தைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். எவ்வகைக் கதை நன்கு விற்கும் என்று ஒரு புத்தகக் கடைக்காரரை வினவி, பிரெஞ்சுத் துப்பறியும் கதைகள் என்று விடை பெற்று, அவற்றைப் படித்துப் பார்த்து அவர் எழுதிய கதை அது. குடியேற்ற நாட்டில் வாழும் ஒருவனால் படிக்கத் தகுந்த எதையும் எழுத இயலாது என்பதே அந்நாளில் அவர் எதிர்கொண்ட மறுமொழி. பெயரில்லாதவர், பின்னணியில்லாதவர். ஆயினும் நூல் விரைந்து விற்றது. அதன் உரிமையை வெறும் 50 பவுனுக்கு அவர் விற்றுவிட்ட பின்னர், இலண்டனில் அது இலட்சக்கணக்கில் விற்பனையாகிப் பிறரைச் செல்வராக்கியது. நம் காலத்தில் டான் பிரவுனின் 'டாவின்சி கோட்' 2003இல் வெளிவந்து எட்டுக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுள்ளது. அதன் நடையைக் குறைகூறி மொழியறிஞர்களே எழுதினர், விற்பனை குன்றவில்லை. விளம்பரம் ஒரு நூலின் முதற் பிரதிகளை விற்கும். அதன்பின் வரும் பிரதிகளை விற்பது, படித்து முடித்த ஒருவர் மற்றொருவரிடம், “இதைத் தொடங்கினால் கீழே வைக்க மாட்டீர்” என்று சொல்லும் சொல்லேயாகும். அச்சொல்லைக் காசு கொடுத்து வாங்க இயலாது.

மூன்றாவது விடை, கற்றோர் விரும்பும் விடை. மக்களின் சுவை தாழ்ந்தது. ஆதலின் தாழ்ந்த நூல் விற்கின்றது என்பர். இவ்விடையில் ஆராய்ச்சியைவிடச் சலிப்பே மிகுதி. பகலில் துப்பறியும் கதை படிக்கும் அதே மக்கள், மாலையில் கோயில் மண்டபத்தில் அமர்ந்து கம்பன் கவிநயத்தைக் கேட்டுக் கண் கலங்குகின்றனர். ஆங்கிலக் கவிஞர் ஆடன் 1948இல் எழுதிய கட்டுரை ஒன்றில், துப்பறியும் கதை தமக்குப் புகையிலையையும் மதுவையும் போல விடமுடியாத பழக்கம் என்று ஒப்புக்கொண்டார். அவரைச் சுவையறியாதவர் என்று எவரும் சொல்லார். ஒரே மனிதனுக்குள் பல பசிகள் உண்டு. ஒரு பசியைத் தணிக்கும் உணவை வேறொரு பசிக்குரிய தராசில் நிறுத்துப் பார்ப்பது முறையன்று.

அச்சமும் மருட்கையும்

தமிழ் இலக்கணிகள் இதனை நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் மருட்கையும் இடம்பெறுகின்றன. வியப்பையே மருட்கை என்றனர் முன்னோர். நகைக்கும் அழுகைக்கும் பெருமிதத்துக்கும் இணையாக இவற்றையும் வைத்து எண்ணிய மரபு, இவற்றைக் கீழ்மக்களுக்குரியவை என்று தள்ளவில்லை. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு புதிரைத் தொடுக்கின்றது. கேட்போன் மேலும் கேட்கின்றான். மர்மப் புதினம் ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் கதவு தட்டப்படும் ஓசையோடு நிறுத்துவதும் அதே உத்தியே. கருவி புதிது; கை பழையது.

நடை மோசமாக இருந்தும் வாசகர் பொறுத்துக்கொள்வது ஏன் என்பதும் இங்கே விளங்கும். நோயாளிக்காக மருத்துவரை அழைக்க ஓடுபவன் வழியிலுள்ள பூங்காவின் அழகையும் காண்பதில்லை. சாலையிலுள்ள மேடுபள்ளத்தையும் பொருட்படுத்துவதில்லை. கொலையாளி யார் என்று அறிய விரையும் வாசகருக்கு வாக்கியத்தின் அழகும் ஒன்றே, அழுக்கும் ஒன்றே. சொல்லை நிறுத்தி நிறுத்திச் சுவைக்கும் பழக்கமுடைய திறனாய்வாளர் இடறி விழும் இடங்களை, ஓடுகின்ற வாசகர் தாண்டிச் சென்றுவிடுகின்றார். இருவரும் ஒரே நூலைப் படிப்பதாகத் தோன்றினும், உண்மையில் இருவேறு செயல்களைச் செய்கின்றனர்.

படிப்பவரின் வாழ்நிலையையும் எண்ணுதல் வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் நெடுங்காலம் ரயில்வே ஊழியரின் குடியிருப்புகளால் நிறைந்திருந்த இடம். கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், பள்ளத்தாக்கின் தொழிற்சாலைகளில் முறைமாற்றி இரவிலும் பகலிலும் உழைத்தோரும், தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டியோரும் நூலைக் கையில் எடுத்தது உடலில் எஞ்சிய சிறிது தெம்போடுதான். அந்நிலையில் படிப்பவரை முதற் பக்கத்திலேயே பற்றி இழுத்துச் செல்லாத நூல் மூடப்பட்டுவிடும். களைத்த கண்ணை விழித்திருக்கச் செய்வது சிறிய ஆற்றலன்று. உயர்ந்த இலக்கியம் எழுதுவோர் பலர் அவ்வாற்றலைப் பயிலவில்லை என்பதையும் நடுநிலையோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைசிப் பக்கத்தின் வாக்குறுதி

ஆயினும் விறுவிறுப்பு என்ற ஒன்றே இவ்வீர்ப்பை முழுவதும் விளக்கிவிடாது. விறுவிறுப்பு மட்டுமே போதுமெனில், கொலையாளி தப்பிச் செல்லும் கதையும் அதே அளவு விற்றிருக்கும். அது பெரும்பாலும் விற்பதில்லை. குற்றவாளி அகப்படாமல் முடியும் கதையைப் படித்த வாசகர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே உணர்கின்றார். இங்கேதான் மர்ம நாவலின் உள்ளுயிர் இருக்கின்றது. அந்நாவல் படிப்பவருக்கு ஒரு வாக்குறுதி தருகின்றது: இழைக்கப்பட்ட தீங்கு எதுவும் மறைந்து போகாது, எவரோ ஒருவர் அதைப் பொருட்படுத்தித் தேடுவார், இறுதிப் பக்கத்தில் உண்மை வெளிப்படும். ஆடன் தம் கட்டுரையில், குற்றம் நுழையுமுன் இருந்த தூய நிலைக்குத் திரும்பும் கனவையே இக்கதைகள் வாசகருக்குத் தருகின்றன என்று விளக்கினார். அக்கனவு அறத்தின் சாயலை உடையது.

இவ்வாக்குறுதி யாருக்கு இனிக்கும்? தமக்கு நேர்ந்த தீங்கை எவரும் வந்து விசாரியாத மக்களுக்கே மிகவும் இனிக்கும். மலாயாத் தோட்டங்கள் 1950களிலும் 1960களிலும் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் வேலையையும் குடியிருப்பையும் ஒருசேர இழந்தன. அத்துயரைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிரிக்பீல்ட்சின் முதன்மைச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பின்னாளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது அக்கதையே மீண்டும் நிகழ்ந்தது. இவ்விழப்புகளில் கத்தி இல்லை, குருதி இல்லை, கைரேகை இல்லை. கையெழுத்திட்ட தாள்கள் மட்டுமே இருந்தன. தேடிவர ஒரு சங்கர்லாலும் இல்லை. அத்தகைய வாழ்வின் நடுவே, ஒரு வெள்ளி இரண்டு வெள்ளிக்கு வாங்கிய நூலின் கடைசிப் பக்கத்திலாவது நீதி தவறாமல் வந்து சேர்ந்தது. இதைத் தாழ்ந்த சுவை என்று பெயரிட்டு ஒதுக்குவது, பசித்தவனைப் பார்த்து உண்ணும் முறை அறியாதவன் என்று குறை சொல்வதற்கு ஒப்பாகும்.

நிறைவடைந்த மனத்தின் தீங்கு

இவ்வளவும் சொன்ன பின்னர், மர்ம நாவலைப் போற்றி முடித்துவிடலாமோ எனின், இயலாது. வாக்குறுதியின் இனிமையிலேயே அதன் குறையும் இருக்கின்றது.

அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் நான்கினைச் சுட்டுகின்றது. மனிதனை வருத்தும் தெய்வமும் பேயும் போன்றவை ஒன்று; கொடிய விலங்கு ஒன்று; கள்வர் ஒன்று; ஆளும் இறைவனாகிய அரசன் ஒன்று. மர்மப் புதினம் முதல் மூன்றையும் மாறி மாறிப் பயன்படுத்தும். நான்காவதன் வாயிலில் அது பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. அதன் உலகில் குற்றம் ஒருவன் செய்வது. அவனைப் பிடித்துவிட்டால் ஏனையோர் அனைவரும் தூயவர். ஊர் மீண்டும் அமைதியாக உறங்கலாம். வாழ்வில் நிகழும் பெருந்தீங்குகள் இவ்வாறு ஒருவன் தலையில் அடங்குவனவல்ல. அவை சட்டத்திலும் வழக்கத்திலும் பலரின் மௌனத்திலும் பரந்து கிடப்பவை. கடைசிப் பக்கத்தில் நீதியைக் கண்டு மனம் நிறைந்த வாசகர், நூலை மூடியதும் தம் வாழ்வின் விடையற்ற வினாக்களையும் சேர்த்து மூடிவிடக் கூடும். பசி தணிந்ததாக உணர்கின்றார். ஆனால் உடலில் வலிமை ஏறவில்லை. மலிவு அட்டைகளில் அச்சத்தால் அலறும் பெண்ணின் உருவம் எத்தனை முறை விலைப்பொருளாக்கப்பட்டது என்பதும் இக்கணக்கில் சேர வேண்டும். நீதி வழங்குவதாகச் சொல்லும் கதை, கொலையுண்டவளைப் பற்றி நினைப்பதைவிடக் கொன்றவனைப் பற்றியே மிகுதியாக நினைக்கின்றது.

இதற்கு மாறாகச் சிலப்பதிகாரத்தை நோக்குக. அங்கும் களவு உண்டு, பொய்க் குற்றச்சாட்டு உண்டு, கொலை உண்டு, அரசவையில் வழக்கு உண்டு, தடயமும் உண்டு. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்த சிலம்பிலிருந்து தெறித்த ஒரு பரல் வழக்கை முடித்து வைக்கின்றது. எந்தத் துப்பறியும் கதாசிரியரும் பொறாமைப்படத்தக்க தடயம் இது. ஆனால் இளங்கோவடிகள் கள்வன் யார் என்பதை மறைக்கவில்லை. பொற்கொல்லன்தான் கள்வன் என்பதைக் கோவலன் கொலையுண்ணுமுன்பே படிப்பவர் அறிவர். மர்ம நாவல் முடிகின்ற இடத்தில் காப்பியம் தொடங்குகின்றது. குற்றவாளியைத் தேடிச் சென்ற வழக்கு, நீதி வழங்கும் அரசனிடமே வந்து நிற்கின்றது. ஆராயாது தீர்ப்பளித்த தானே கள்வன் என்று மன்னன் உணர்ந்து உயிர் விடுகின்றான். அதன் பிறகும் அமைதி திரும்பவில்லை, மதுரை எரிகின்றது. பின்னர் ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பொற்கொல்லர் பலியிடப்பட்டனர் என்னும் செய்தியும் காப்பியத்தில் வருகின்றது. அது நீதியா, மற்றோர் அநீதியா என்னும் வினா படிப்பவர் நெஞ்சில் தைத்து நிற்கின்றது. தொல்காப்பியம் சுட்டிய நான்காவது அச்சத்தின் வாயிலுக்குள் துணிந்து நுழைந்த கதை அது.

ஆகவே இவ்விரு வகைக்கும் உள்ள வேறுபாடு கதைப்பொருளில் இல்லை. கொலையும் களவும் இரண்டிலும் உண்டு. ஒன்று வினாவை முடித்து நம்மை உறங்க வைக்கின்றது. மற்றொன்று வினாவை நம் கையில் தந்து விழித்திருக்கச் செய்கின்றது. விற்பனையின் இரகசியமும் அதிலேயே அடங்கியுள்ளது. உறக்கத்தை வேண்டுவோர் எக்காலத்தும் பலர்.

ஆசிரியரின் கடன்

இவ்விடத்தில் தமிழாசிரியர் முன் ஒரு நடைமுறை வினா எழுகின்றது. மாணவன் கையில் மர்ம நாவலைக் கண்டால் பறிப்பதா, விடுவதா?

மலேசியத் தமிழ் மாணவரின் நிலை தனித்தன்மை உடையது. நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆயினும் அங்குத் தமிழ்வழிக் கல்வி ஆறாண்டுகளே. இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே நிற்கின்றது. அதுவும் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் பாடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க அறிவான். நூறு பக்கங்களைத் தடையின்றிப் படிக்கும் ஓட்டம் வகுப்பறையில் மட்டும் வாராது. கண் எழுத்தின்மேல் ஓடியோடிப் பழகினால்தான் அது வரும். அவ்வாறு ஓடச் செய்தவை, பலருக்கு, பள்ளிப் பையில் பாடநூலுக்குள் மறைந்து வந்த மாத நாவல்களே. இலக்கணம் கற்பித்தவர் ஆசிரியர். படிக்கும் பழக்கத்தைக் கற்பித்தது, அவ்வாசிரியர் வெறுத்த நூல். இம்முரணை மறைப்பதில் பயனில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலிமையானதே. மர்ம நாவலில் தொடங்கியவர் அங்கேயே நின்றுவிடுகின்றனர். ஆயிரம் நாவல் படித்தும் ஓர் அடி மேலே ஏறாதோர் உளர் என்பர் சிலர். இது உண்மை. மலிவு நூல் தானாகவே உயர்ந்த நூலுக்கு ஏணியாகிவிடும் என்று நம்புவது வெறும் ஆறுதல். ஏணி என்பது ஒருவர் கொண்டுவந்து சார்த்தினால்தான் நிற்கும். ஆனால் படிக்கும் வழக்கமே இல்லாதவர்க்கு எந்த ஏணியைச் சார்த்தியும் பயனில்லை என்பதும் அதே அளவு உண்மை.

அந்த ஏணியைச் சார்த்திய முன்னோடிகள் இந்நாட்டிலேயே இருந்தனர். 1950ஆம் ஆண்டளவில் 'தமிழ் நேசன்' இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தி, எழுத விரும்பியோர்க்குச் சிறுகதையின் நுட்பங்களைக் கற்பித்தனர். அவ்விதழில் பணியாற்றக் கோலாலம்பூருக்கு வந்த கு. அழகிரிசாமி எழுத்தாளர்களைத் திரட்டி இலக்கியச் சுவையை வளர்த்தார். மக்கள் குப்பையைப் படிக்கின்றனர் என்று அங்கலாய்ப்பதோடு இவர்கள் நின்றுவிடவில்லை. நல்லது எது, அது ஏன் நல்லது என்று காட்டும் உழைப்பை மேற்கொண்டனர். பழித்தலைவிட அது கடினமான பணி. பயன் தந்த பணியும் அதுவே.

இன்றைய வகுப்பறையிலும் அது கூடும். மாணவன் விரும்பிப் படித்த மர்ம நாவல் ஒன்றையும் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையையும் அருகருகே வைத்துச் சில வினாக்களை எழுப்பலாம். இரண்டிலும் தடயம் எது? குற்றவாளி யார்? குற்றம் அவனோடு முடிகின்றதா? நூலை மூடிய பிறகு உன்னிடம் எஞ்சுவது யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன், தன் நாவலை எவரும் இகழாமலேயே அதன் எல்லையைத் தானே கண்டுகொள்வான். அதைவிட முதன்மையானது, காப்பியம் தேர்வுக்குரிய பழம்பொருள் என்னும் எண்ணம் நீங்கி, அதுவும் தன் நெஞ்சில் எரியும் வினாவைப் பற்றியதே என அறிவான்.

காலமும் இவ்வினாவுக்கு ஒரு புதிய துயரத்தைச் சேர்த்துள்ளது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் தன் பயணத்தை முடித்துக்கொண்டது. மாத நாவல்களின் பழைய செல்வாக்கும் இன்றில்லை. மர்மமும் திகிலும் இப்பொழுது தொலைக்காட்சித் தொடர்களிலும் கைப்பேசித் திரையிலும் கிடைக்கின்றன. அவற்றைப் பெறத் தமிழ் எழுத்தை அறிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. மக்கள் தரமற்றதைப் படிக்கின்றனர் என்று ஒரு தலைமுறை வருந்தியது. படிப்பதையே விட்டனரோ என்று இத்தலைமுறை வருந்துகின்றது. முந்திய வருத்தத்துக்கு இடமிருந்த காலம் நற்காலமாகவே இன்று தோன்றுகின்றது.

மதிப்புப் பெறாத நூல் மாபெரும் விற்பனை பெறும்போது, அது மக்களின் அறியாமைக்குச் சான்றாவதைவிட, அவர்களின் நிறைவேறாத வேட்கைக்கே சான்றாகின்றது. தீங்கு வெளிப்பட வேண்டும், உண்மை வெல்ல வேண்டும், தம் துயரை எவரேனும் பொருட்படுத்த வேண்டும் என்பதே அவ்வேட்கை. மர்ம நாவல் அதை இனங்கண்டு, எளிய விலைக்கு எளிய மருந்தைத் தந்தது. இலக்கியம் வல்லோரிடமும் இலக்கியம் கற்பிப்போரிடமும் அவ்வேட்கைக்குரிய மெய்யான உணவு உண்டு. ஆனால் அதைக் களைத்த கைகளுக்கு எட்டும் உயரத்தில் வைக்க அவர்கள் பெரிதும் முயலவில்லை. வாசகரைக் குற்றக் கூண்டில் நிறுத்துமுன், அக்கூண்டில் நிற்க வேண்டியவர் வேறு எவரேனும் உளரோ என்று கற்றோர் உலகம் ஒருமுறை ஆராய்தல் நன்று. தீர ஆராயாமல் வழங்கிய தீர்ப்பு என்ன விளைவித்தது என்பதை, மதுரையின் கதையைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.